தாழ்ந்த காரும் நீண்ட ஆணியும்

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிப் பொத்துவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஒருமுறையேனும் பிரயாணஞ் செய்தவர்கள் அவ்வழியை எளிதில் மறந்துவிட மாட்டார்கள். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊருக்கு ஊர் தோளோடு தோள் உரசி நிற்கும். ஓரூரின் கடைத்தெரு முடிவதற்கு முன்னரே மற்றோரூரின் கடைத்தெரு தொடங்கிவிடும். தம்பிலுவில், திருக்கோவில் ஆகியவற்றைக் கடந்த பின்னரோ சாலை தனிமைப்பட்டுவிடுகின்றது. கோமாரியை அணுகும்போது கடற்காற்று வண்டிக்குள் புகுந்து முகத்தில் உப்பைத் தடவிச் செல்லும். பொத்துவிலுக்கு அப்பாற் சில கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது, உள்ளூரார் உல்லை என்றும் வெளியுலகத்தார் அறுகம்பே என்றும் வழங்கும் அந்த வளைந்த கடற்கரை.

சென்ற அலைப் பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் அவ்வழியே சென்றோம். வண்டி நமது மருமகனுடையது. ஜெர்மனியிற் செய்யப்பட்ட பழைய கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்ததல்லவா? அந்த ஐந்தாண்டுக் காலத்தில் நம் வாலிபர்கள் புது வண்டிக் கனவை ஒதுக்கிவைத்துவிட்டுப் பழைய வண்டிகளுக்கு மெருகேற்றப் பழகிக்கொண்டார்கள். மருமகனும் அவ்வாறே. வண்டியின் சுருள்வில்களை மாற்றி அதனை நான்கு சென்ரிமீற்றர் தாழ்த்தியிருந்தான். தாழ்த்திய பின், சில்லுகள் மட்காட்டுக்குள் ஒடுங்கிப் போய் "கன்னம் ஒட்டியவன் முகம்போல" இருப்பதாக அவனுக்குத் தோன்றிற்று. ஆதலால் சில்லுக்கும் அச்சுக் குடத்துக்கும் இடையே பத்து மில்லிமீற்றர் பருமனான அலுமினியத் தட்டுகளை வைத்துச் சில்லுகளை வெளியே தள்ளியிருந்தான். ஸ்பேசர் என்பார்கள். நாம் இடைத்தட்டு என்போம்.

வண்டியில் நால்வர் இருந்தோம். முன்னால் மருமகனும் நாமும். பின்னால் அவனுடைய தாயாராகிய நமது தங்கையும், பள்ளிக்கூடத்திற் படிக்கும் அவனுடைய தங்கையும். அக்கரைப்பற்றைக் கடந்தபோது ஸ்டியரிங் சக்கரம் சிறிது நடுங்கத் தொடங்கியது. "ரோட்டுச் சரியில்லை, மாமா" என்றான் மருமகன். சாலையோ பாய் விரித்தாற்போல் இருந்தது. கோமாரிக்கு அப்பால் நடுக்கத்தோடு ஓர் ஓசையும் சேர்ந்துகொண்டது. முன்பக்க இடச்சில்லில், சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் "டிக்" என்று ஒருமுறை. உரலில் யாரோ மெல்ல மெல்ல இடிப்பதைப் போன்ற ஓசை. தங்கை அதை முதலிற் கேட்டாள். இத்தகைய ஓசைகளை வீட்டுப் பெண்களின் செவியே முதலில் அறியும் என்பது நமது நெடுநாள் அனுபவம்.

பொத்துவிலில் ஒரு சிறிய கராஜில் வண்டியை நிறுத்தினோம். அங்கிருந்தவர் வயது முதிர்ந்த கைவினைஞர். ஜக்கை வைத்துச் சில்லை உயர்த்தினார். இரு கைகளாலும் அதைப் பிடித்து அசைத்தார். அசையக்கூடாத சில்லு அசைந்தது. பின்னர் ஸ்பானரை ஆணியில் மாட்டித் திருப்பினார். முதற் சுற்று, இரண்டாஞ் சுற்று, ஆணி அவர் உள்ளங்கையில் விழுந்துவிட்டது! மற்ற நான்கும் அப்படியே.

"தம்பி, இதை ஆர் பூட்டின?"

"ஒரு கடையில பூட்டினது, காக்கா. நல்ல இறுக்கமாத்தான் இருந்திச்சு."

"பூட்டக்குள்ள எத்தின சுத்துப் போனெண்டு எண்ணிப் பாத்தீங்களா? இறுக்கம் கைக்குத் தெரியும், தம்பி. ஆழம் தெரியா."

தங்கை ஒன்றும் பேசவில்லை. காரின் பின்னாசனத்தில் உட்கார்ந்திருந்த தன் மகளை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான்.

அந்தப் பெரியவரின் வார்த்தையை விளக்கவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம். வீட்டில் மோட்டார் வண்டி வைத்திருப்போரும், நாளை வைத்திருக்கப்போகும் மாணவர்களும் இதனைச் சற்றுப் பொறுமையோடு வாசிக்கக் கோருகின்றோம்.

கடையாணியும் சில்லாணியும்

நம்மூர் மாட்டு வண்டியை அறியாதார் இலர். அதன் சக்கரத்தின் நடுவே குடம் உண்டு. குடத்தின் துளையிலே அச்சு நுழைகிறது. அச்சின் நுனியிலே கடையாணி. பாரத்தைச் சுமப்பது அச்சு. சக்கரம் வழுவி வெளியே ஓடிவிடாமற் காப்பது கடையாணி. அதில் இறுக்கம் என்னும் பேச்சே இல்லை. ஆடிக்கொண்டிருந்தாலும் அது தன் வேலையைச் செய்துவிடும்.

மோட்டார் வண்டியின் சில்லாணியையும் பலர் இவ்வாறே எண்ணிவிடுகிறார்கள். ஐந்து ஆணிகளின் மேல் வண்டி தொங்குகிறது, ஆணி ஒடியாத வரை ஆபத்தில்லை என்பது அவர்கள் எண்ணம். உண்மை அதுவன்று. சரியாகப் பூட்டப்பட்ட சில்லில் ஆணிகள் வண்டியைத் தாங்குவதே இல்லை. சில்லின் முகத்தையும் குடத்தின் முகத்தையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிப்பது மாத்திரமே அவற்றின் தொழில். அந்நெருக்கத்தினால் உண்டாகும் உராய்வே வண்டியைச் சுமக்கிறது. பிறேக் பிடிக்கும்போது சில்லை நிறுத்துவதும் அதுவே.

மாணவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஐந்தாறு புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரு உள்ளங்கைகளாலும் இரு புறமும் அழுத்தித் தூக்குங்கள். நடுவிலுள்ள புத்தகத்தை எந்தக் கையும் தொடவில்லை. ஆயினும் அது விழுவதில்லை. அழுத்தத்தைச் சிறிது தளர்த்துங்கள். நடுப்புத்தகமே முதலில் நழுவும். இனி, வரிசையில் மேலும் நான்கு புத்தகங்களைச் சேர்த்துப் பாருங்கள். கைகளை அகல விரிக்க வேண்டியிருக்கும். கை எட்டாதவன் விரல்நுனியாற் பிடிக்கப் பார்ப்பான். நமது மருமகனின் வண்டியில் நிகழ்ந்தது இதுவே. இடையிற் பத்து மில்லிமீற்றர் தட்டு வந்துவிட்டது. ஆணியின் கை மட்டும் நீளவில்லை.

கணக்கைப் பார்ப்போம். 12 மி.மீ. விட்டமுள்ள சில்லாணியை ஏறக்குறைய 100 நியூற்றன் மீற்றர் முறுக்கில் இறுக்குவது பல கார்களுக்கு வழக்கம். அரை மீற்றர் நீளமான பிடியின் நுனியில் இருபது கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கோ அவ்வளவு. இம்முறுக்கில் ஓர் ஆணி ஏறத்தாழ நான்கு தொன் எடைக்குச் சமமான விசையோடு சில்லைக் குடத்தின்மேல் இழுத்து அழுத்துகிறது. ஐந்து ஆணிகளுக்கு இருபது தொன். உலோக முகங்களின் உராய்வைக் குறைத்தே மதித்து நூற்றுக்குப் பதினைந்து என்று கொண்டாலும், சில்லு வழுவாதிருக்க மூன்று தொன் பிடிப்பு உண்டு. ஒரு சில்லின்மேல் வரும் வண்டிப் பாரமோ முந்நூறு, நானூறு கிலோதான். கிடங்கில் விழுந்தாலும், சடுதியாகப் பிறேக் பிடித்தாலும் தாங்குவதற்கு இத்தனை மிச்சம் வைத்தே பொறியியலாளர் கட்டியிருக்கிறார்கள்.

இந்த நான்கு தொன் இழுப்பை ஏற்பது எது? குடத்துக்குள்ளே வெட்டப்பட்ட மரை. மரையிற் பிடித்திருக்கும் சுற்றுகள் குறையுமானால் மீதிச் சுற்றுகளின்மேற் சுமை ஏறும். அளவு கடந்தால் மரை சிதைந்து ஆணி வழுகிவிடும். எஃகு ஆணி எஃகுக் குடத்திற் பிடிக்கும்போது, ஆணியின் விட்டத்துக்குச் சமமான ஆழமேனும் மரை பிடித்திருக்க வேண்டும் என்பது தொழிலறிந்தோர் வைத்துள்ள விதி. விட்டம் 12 மி.மீ., ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம் 1.5 மி.மீ. என்றால் எட்டுச் சுற்று. ஆணி 14 மி.மீ. ஆனால் ஒன்பது சுற்றுக்கு மேல். நிசான், சுசுக்கி முதலிய வண்டிகளில் மரை நெருக்கமானது, சுற்றுக்கு 1.25 மி.மீ.; ஆகையால் அங்கே ஒன்பது, பத்துச் சுற்று வேண்டும்.

பொத்துவிற் பெரியவர் நம் வண்டியின் ஆணியை ஓர் அளவுகோலில் வைத்துக் காட்டினார். தலையின் கீழிருந்து நுனிவரை 26 மி.மீ. அதில் றிம்மின் கனம் பாதியை எடுத்துக்கொள்ள, மீதி 13 மி.மீ. குடத்திற்குள் இறங்கும், அதாவது எட்டுச் சுற்றுக்கு மேல். செய்தவன் சரியாகத்தான் செய்திருக்கிறான். பத்து மி.மீ. தட்டை இடையில் வைத்தவுடன் எஞ்சியது மூன்று மி.மீ. அதுவும் நுனியிற் சரித்துச் சீவப்பட்ட பாகம், முழு மரையன்று. இந்த இரண்டு சுற்றின் பிடிப்பிலே நாம் கல்முனையிலிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர் வந்திருக்கிறோம்! சில்லு ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் ஐந்நூறு முறை சுழல்கின்றது. எழுபது கிலோமீற்றருக்கு முப்பத்தையாயிரம் சுழற்சி. இறுக்கம் தளர்ந்த ஆணி ஒவ்வொரு சுழற்சியிலும் ஒருமுறை இப்புறமும் ஒருமுறை அப்புறமும் வளைகின்றது. மெல்லிய கம்பியைத் துண்டிக்க நாம் என்ன செய்கிறோம்? வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தித்தானே ஒடிக்கிறோம்?

கை ஏன் ஏமாறுகிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஸ்பானரைப் பிடித்த கைக்குத் தெரிவது பெரும்பாலும் ஆணித்தலையின் உராய்வும் மரையின் உராய்வுமே. இரண்டு சுற்றிற் பிடித்திருந்தாலும் பத்துச் சுற்றிற் பிடித்திருந்தாலும் இறுக்கம் ஒன்றுபோலவே தோன்றும், மரை வழுகும் கணம் வரையில். ஆகவே இறுக்குவதற்கு முன்னர், விரலால் ஆணியைத் திருப்பி உட்செலுத்தும்போதே, வாய்விட்டு எண்ணிக்கொள்ள வேண்டும். வேறு உபாயம் இல்லை. இதற்கு விலையுயர்ந்த கருவியும் தேவையில்லை. ஒன்று முதற் பத்து வரை எண்ணத் தெரிந்தாற் போதும்.

நீட்டுவது எவ்வளவு?

தட்டு எவ்வளவு பருமனோ ஆணியும் அவ்வளவு நீள வேண்டும். பத்து மி.மீ. தட்டுக்கு 26 மி.மீ. ஆணிக்குப் பதிலாக 36 மி.மீ. ஆணி. கணக்கு இத்தனை எளிது. ஆனால் மனிதர் சோம்பேறிகள் என்பதாலோ, "நீளமாயிருந்தால் நல்லதுதானே" என்று எண்ணுவதாலோ, கிடைத்த நீள ஆணியைப் போட்டுவிடுவதும் உண்டு. இதுவும் தீங்கே. சில வண்டிகளில் குடத்தின் பின்புறத்திலே கைப்பிறேக்கின் கட்டைகளும் வில்களும் ஒளிந்திருக்கின்றன. நீளம் மிகுந்த ஆணி பின்னால் நீட்டி அவற்றை அறுத்துவிடும். ஆணிகளை இறுக்கிய பின், சில்லைத் தரையில் விடுவதற்கு முன், கையால் முழுச்சுற்றுச் சுற்றிப் பார்த்தால் உரசும் ஓசை காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே ஓர் இனிய விந்தை. நீண்ட ஆணி குட்டை ஆணியைவிட நம்பகமானது என்று சொன்னால் வாசகர்கள் வியக்கக்கூடும். இறுக்கிய ஆணி உண்மையில் ஒரு வில். இழுபட்டு நீண்டு நிற்கிறது. நாம் மேலே சொன்ன நான்கு தொன் இழுப்பில், 13 மி.மீ. நீளம் இழுபடும் ஆணி ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் மூன்று பங்கு நீளும். இடைத்தட்டோடு 23 மி.மீ. இழுபடும் ஆணியோ நூற்றில் ஐந்து பங்கு. இரண்டும் மயிரிழையளவுதான். ஆனால் துருவோ தூசியோ நசுங்கி முகங்கள் நூற்றில் ஒரு பங்கு தணிந்தாற் குட்டை ஆணி தன் இறுக்கத்தில் மூன்றிலொன்றை இழந்துவிடும். நீண்டது ஐந்திலொன்றையே இழக்கும்.

இந்த வில் நல்ல வில்லாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். தரமான சில்லாணியின் தலையில் 10.9 என்று பொறித்திருக்கும். ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 900 நியூற்றன் இழுப்பு வரை அது நிரந்தரமாக நீண்டுபோகாது என்பது அவ்வெண்ணின் பொருள். நமது கணக்கில் ஆணி தாங்குவது அதிற் பாதியளவு, சுமார் 450. சாதாரண மெல்லுருக்கின் எல்லையோ 250 அளவில் நின்றுவிடும். நீண்ட ஆணி கடையிற் கிடைக்கவில்லையென்று, லேத்தில் ஏதோ ஓர் இரும்புக் கம்பியைக் கடைந்து மரை வெட்டிப் போட்டுக்கொள்வோர் இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். அந்த ஆணி முதல் இறுக்கிலேயே பிட்டுமா போல் இழுபட்டுவிடும், திரும்பாது. பழைய ஆணியோடு துண்டொன்றை வெல்டிங் செய்து நீட்டியதையும் நாம் கண்டிருக்கிறோம். வோஷர்களை அடுக்கி இடைத்தட்டு என்று வைப்பாரும் உண்டு. கைத்திறனிற் குறைந்தவர்களல்லர் நம் கராஜ்க்காரர்கள். இல்லாத பொருளை இருப்பதுபோல் ஆக்கித் தரும் பழக்கம் அவர்களை இங்கே இழுத்து வந்துவிடுகிறது.

ஆணிக் கழுத்தின் வடிவமும் பொருந்த வேண்டும். சில றிம்களுக்குக் கூம்பு வடிவக் கழுத்து. சிலவற்றுக்குப் பந்துபோல் உருண்ட கழுத்து. சிலவற்றுக்குத் தட்டையான வோஷரோடு கூடியது. உருண்ட குழியிற் கூம்பு ஆணியைப் போட்டால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொடும். அங்கே நசுங்கும், நசுங்கினால் தளரும்.

ஜப்பானிய வண்டிகள் வைத்திருப்போர் "எங்கள் காரில் ஆணி இல்லை, நட்தானே இருக்கிறது" என்று கேட்கலாம். விதி ஒன்றே. குடத்திலிருந்து நீட்டி நிற்கும் ஸ்டட்டில் நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ண வேண்டும். ஸ்டட் குறுகினால், நீண்ட ஸ்டட்டை அழுத்தி ஏற்ற வேண்டும். அல்லது தனக்கென ஸ்டட்டுகள் உள்ள தடித்த இடைத்தட்டை வாங்க வேண்டும். இவ்வகைத் தட்டுக் குடத்திலும், சில்லு தட்டிலும் தனித்தனியே பூட்டப்படும். உள்ளே ஒளிந்துவிடும் நட்களைச் சில்லைக் கழற்றாமற் பார்க்க முடியாது. அதனால் அவற்றை மறந்துவிடுவதும் எளிது. (பழைய பிரித்தானிய லொறிகளில் இடப்பக்கச் சில்லின் நட்களுக்கு மரையே இடஞ்சுழியாக இருந்தது. சுழற்சியினால் நட் தானே கழன்றுவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. இதை அறியாத புதுக் கிளீனர்கள் நட்டைக் கழற்றுவதாக எண்ணி மேலும் மேலும் இறுக்கி வியர்த்த கதைகளைப் பழைய சாரதிகளைக் கேட்டாற் சொல்லுவார்கள்.)

தாழ்த்துவதன் விலை

இவ்வளவுக்கும் மூலம் வண்டியைத் தாழ்த்தியதுதானே? தாழ்த்துவது முற்றிலும் வீண் ஆசை என்று நாம் சொல்லமாட்டோம். வண்டியின் எடைமையம் தாழ்ந்தால் வளைவுகளில் அது குறைவாகச் சாயும். சில்லுகளின் இடைவெளி அகன்றாலும் அவ்வாறே. பக்கத்துக்குப் பத்து மி.மீ. தட்டு வைத்தால் இரு சில்லுகளுக்கும் இடையே இருபது மி.மீ. கூடுகிறது. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனமே தனது 911 வகைக் கார்களுக்கு 5 மி.மீ. இடைத்தட்டுகளை விருப்பத் துணைப்பொருளாக விற்றிருக்கிறது. அதற்கேற்ற நீண்ட ஆணிகளோடுதான்!

ஆனால் எதற்கும் விலையுண்டு. தாழ்ந்த வண்டியில் சில்லு மேலெழும்ப இருக்கும் இடம் குறைவு. வீட்டு முற்றத்தில் வெறும் வண்டியாக நிற்கும்போது டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும். நான்குபேரும் சமான்களும் ஏறி, வேகத்தடை ஒன்றின்மேல் ஏறி இறங்கும்போது அந்த இரண்டு விரல் எங்கே? வெளியே தள்ளப்பட்ட சில்லின் டயர் மட்காட்டின் விளிம்பில் உரசி, சீவல்போற் சீவப்படும். குடத்திலுள்ள பெயாரிங்குகளுக்கும் சுமை கூடுகிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துச் செல்வதற்கும், கையை நீட்டிப் பிடித்துச் செல்வதற்கும் உள்ள வித்தியாசம் எந்தப் பெண்பிள்ளைக்கும் தெரியும். முன்சில்லுகளாயின் ஸ்டியரிங்கும் மாறிவிடும். அறுகம்பேயிலிருந்து பாணமைக்குச் செல்லும் வழியில் எதிரே வரும் பஸ்ஸுக்கு விலகி ஒருபக்கச் சில்லை மணலில் இறக்கிப் பார்ப்பவர் கைகளில், சக்கரம் முன்னிலும் பலமாக இழுப்பதை உணர்வார்.

நடுக்கத்துக்கும் தனிக் காரணம் ஒன்று இருந்தது. குடத்தின் நடுவே வட்டமான விளிம்பொன்று நீட்டிக்கொண்டிருக்கும். றிம்மின் நடுத்துளை அதன்மேல் மோதிரம்போற் பொருந்தியே சில்லு நடுவில் அமர்கிறது. மருமகன் வாங்கிய தட்டு அந்த விளிம்பை முழுவதும் விழுங்கிவிட்டது. தட்டிற்கென்று தனி விளிம்பு கிடையாது. சில்லைத் தாங்கிப் பிடிக்க நடுவில் ஒன்றும் இல்லாமற்போகவே, அது மயிரிழை ஒருபுறம் ஒதுங்கிச் சுழன்றது. நல்ல இடைத்தட்டுகளில் உட்புறத்திற் குடத்துக்குப் பொருந்தும் துளையும், வெளிப்புறத்தில் சில்லுக்குப் பொருந்தும் விளிம்பும் இருக்கும். அத்துளையின் அளவு வண்டிக்கு வண்டி வேறு. ஆணித்துளைகள் பொருந்திவிட்டன என்பதற்காக இன்னொரு வண்டியின் தட்டை வாங்கக்கூடாது.

ஜெர்மனியிலே இத்தகைய தட்டை ஒருவர் பூட்டினால், அது அவ்வண்டிக்கு ஏற்றதென்னும் சான்றுப் பத்திரம் இருக்க வேண்டும். பல சமயங்களிற் பரிசோதகர் முன்னிலையில் வண்டியைக் காட்டிப் பதியவும் வேண்டும். நம் நாட்டிலே வருடாந்த அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். புகைக்குழாயிற் கருவியை நுழைப்பவர் சில்லாணியை எண்ணுவதில்லை. அது அவர் வேலையுமன்று. ஆகவே நமது கடற்கரைச் சாலைகளில் இந்தப் பரிசோதகர் பதவி, வண்டியின் சொந்தக்காரரையும் கராஜ்க்காரரையுமே சேர்ந்து நிற்கிறது.

உப்புக் காற்று

அன்று பொத்துவிலில் அந்தப் பெரியவர் நான்கு சில்லுகளிலிருந்தும் தட்டுகளைக் கழற்றிவிட்டுப் பழைய ஆணிகளையே பூட்டித் தந்தார். ஐந்தில் ஓர் ஆணியின் நுனி மரை சிதைந்திருந்தது. அதற்கு மாற்றாணி தேடித் தந்தார். குடத்தின் மரை தப்பியது நமது அதிர்ஷ்டம். மாலையில் அறுகம்பேப் பாலத்தின் மேல் நின்றோம். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை பழைய பாலத்தைச் சிதைத்தபின், அமெரிக்க உதவியோடு கட்டி 2008 இல் திறந்த பாலம் அது. கீழே களப்பின் நீர் கடலை நோக்கி அசைந்துகொண்டிருந்தது. மருமகன் கடலைப் பார்க்கவில்லை. தன் வண்டியின் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் தட்டுகளை எறிந்துவிடவில்லை. எறியும்படி நாமும் சொல்லவில்லை. சில வாரங்களின் பின், கொழும்பிலிருந்து விளிம்புள்ள தட்டுகளையும், தலையில் 10.9 பொறித்த 36 மி.மீ. ஆணிகளையும் வரவழைத்தான். கல்முனை வீட்டு முற்றத்தில், ஒரு விடுமுறை நாளில், தானே பூட்டினான். நாம் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருந்தோம்.

முதலிற் குடத்தின் முகத்தைக் கம்பித் தூரிகையால் வெள்ளி தெரியும்வரை தேய்த்தான். கடலோர ஊர்களில் இவ்வேலை இருமடங்கு அவசியமானது. உப்புக் காற்றில் எஃகு துருப்பிடிக்கும். எஃகும் அலுமினியமும் சேர்ந்திருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் அரிப்பு இன்னும் விரையும். துருவின்மேல் தட்டை வைத்து இறுக்கினால், துரு நாளடைவில் நசுங்கி ஆணி தானே தளரும். முகங்களிற் பெயின்ற் பூசுவதும் இதே காரணத்தால் தவறு. ஆணி மரைக்குக் கிறீஸ் தடவலாமா என்று அவன் கேட்டான். வண்டியைச் செய்தவர் சொல்லாதவிடத்துத் தடவாதிருப்பதே நன்று. உராய்வு குறைந்தால் அதே முறுக்கில் ஆணி அளவுக்குமேல் இழுபட்டுவிடும்.

பின்னர் தட்டை வைத்தான்; சில்லை ஏற்றினான்; விரலால் ஆணியைத் திருப்பினான். திண்ணையில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த தங்கை, சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "சத்தமா எண்ணு, மகன்" என்றாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவன் எண்ண, அவளும் வாய்க்குள் எண்ணினாள். எட்டும் கடந்து சற்றே போய் ஆணி நின்றது. அடுத்த ஆணிக்கும் நின்ற இடத்திலிருந்து நகராமல் எண்ணினாள். நான்கு சில்லுக்கும் இருபது ஆணி, இருபதுக்கும் எண்ணினாள். அதற்குப் பின்பே சுளகுக்குத் திரும்பினாள்.

எதிரெதிர் ஆணிகளாக, நட்சத்திரக் கோலம் போடுவது போன்ற முறையில், சிறிது சிறிதாக இறுக்கினான். சில்லைத் தரையில் இறக்கியபின், அயலூர்க் கராஜில் இரவல் வாங்கிய முறுக்களவைச் சாவியால், அது "கிளிக்" என்று சொல்லும்வரை இறுதி இறுக்கம். புதிதாகப் பூட்டிய சில்லை ஐம்பது முதல் நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். முகங்கள் அதற்குள் ஒன்றோடொன்று பழகிச் சிறிது தணிந்திருக்கும். கல்முனைக்காரருக்கு இதில் ஒரு சௌகரியம்: பொத்துவில் சரியாக அத்தூரத்தில் இருக்கிறது.

ஆகவே மீண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே நால்வரும் அதே வழியே போனோம். தம்பிலுவிலும் கோமாரியும் ஓசையின்றிக் கடந்தன. பொத்துவிலில் அந்தச் சிறிய கராஜின் முன் வண்டியை நிறுத்தி, மருமகன் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினான். பெரியவர் தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்தார். இருபது ஆணிகளிற் பதினெட்டு அசையவே இல்லை. பின்சில்லில் இரண்டு மட்டும் விரலகலம் திரும்பி, "கிளிக்" என்றன.

"எத்தின சுத்து, தம்பி?" என்று கேட்டார் பெரியவர்.

"எட்டுக்கு மேல" என்று காருக்குள்ளிருந்து விடை சொன்னவள் தங்கை.